ஆங்கிலம் அறிவோம்: நூலாய் மெலிந்த ஒரு சொல்

தமிழிலே ‘மெல்லிய’ என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நாம் எத்தனையோ காரியங்களைப் பார்த்துவிடுகிறோம். மெல்லிய சேலை, மெல்லிய பலகை, மெல்லிய காய்ச்சல், மெல்லிய சத்தம். கேட்பவரும் இடமறிந்து பொருள் கொள்கிறார். ஒரு குறையும் இல்லை. இந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்குப் போகும் மாணவன், அகராதியிலே ‘பிளிம்சி’ என்ற சொல்லுக்கு நேரே ‘மெல்லிய’ என்று கண்டதும், ‘ஐ ஹாட் எ பிளிம்சி பீவர்’ என்று அதிபருக்கு லீவுக் கடிதம் எழுதிவிடுகிறான். காய்ச்சல் என்ன, பலகைப் பெட்டியா, தட்டினால் உடைந்துபோக? அவன் எழுதியிருக்க வேண்டியது ‘எ சிலைற் பீவர்’ என்பதாகும்.

லீவுக் கடிதத்தில் வந்தால் இது சிரித்துவிட்டுப் போகக்கூடிய பிழை. ஆனால் ஒருவருடைய நடத்தையைப் பற்றியோ, ஒரு சாட்சியத்தைப் பற்றியோ, ஓர் உறவைப் பற்றியோ ஆங்கிலத்தில் எழுத நேரும்போது, இந்த ‘மெல்லிய’ சொற்களை மாற்றிப் போட்டால் ஆளின் பெயரே கெடும். வந்த கடிதத்தைப் பிழையாக விளங்கிக்கொண்டாலும் நட்டம் நமக்குத்தான். ஆகவே இந்தப் பாடத்தில் சிலைற், பிளிம்சி, சிலெண்டர், ரெனியுவஸ் என்னும் நான்கு சொற்களை எடுத்துக்கொள்வோம். கடைசிச் சொல்லே நமது முக்கிய சொல். மற்ற மூன்றும் அதை விளங்கிக்கொள்வதற்குத் துணைக்கு வருபவை.

எழுத்துக்கூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ரெனியுவஸ் என்பதில் முதலெழுத்தை ‘ரெலிபோன்’ என்பதில் வருவதுபோல ஒலிக்க வேண்டும். அழுத்தம் முதல் அசையிலே. அதன் எழுத்துக்கள் ரீ, ஈ, என், யூ, ஓ, யூ, எஸ். பிளிம்சியில் வரும் முதல் ஒலி, மேற்பல் கீழுதட்டைத் தொட்டு வருவது. ‘பந்து’ என்பதன் பகரம் அன்று. சிலைற் என்பதில் ஜீ, எச் இரண்டும் எழுத்தில் உண்டு, வாயில் இல்லை.

முதலிலே சிலைற். இது அளவைச் சொல்லும் சொல். ‘எ சிலைற் ஹெடேக்’ என்றால் இலேசான தலையிடி. ‘எ சிலைற் டிலே’ என்றால் சொற்ப நேரத் தாமதம். ‘எ சிலைற் இன்கிறீஸ் இன் பிறைஸ்’ என்றால் விலையில் சிறிய ஏற்றம். இங்கே எவர்மீதும் குற்றமில்லை. பொருளின் தரத்தைப் பற்றிய பேச்சும் இல்லை. கூடவா குறையவா என்று கேட்டால், குறைய என்கிறது, அவ்வளவே. ‘சிலைற்லி லேற்’ என்று வினையுரிச்சொல்லாகவும் தாராளமாகப் பயன்படும்.

இதிலே இரண்டு பொறிகள் உண்டு. ‘டூ யூ மைண்ட்?’ என்று கேட்டவருக்கு ‘நொற் இன் த சிலைற்றெஸ்ற்’ என்று மறுமொழி வந்தால், ‘கொஞ்சம் மனவருத்தந்தான்’ என்று எடுத்துவிடக் கூடாது. ‘எள்ளளவும் இல்லை’ என்பது அதன் கருத்து. அடுத்த பொறி, இந்தச் சொல் வினையாக வரும்போது அவமதித்தல் என்ற பொருள் கொள்வது. கலியாணவீட்டுக்கு நேரே வந்து முறைப்படி அழைக்காமல், ஆள் மூலம் கார்ட் கொடுத்தனுப்பினால் நமது பெரியம்மா என்ன மனநிலையில் இருப்பாரோ, அதற்கு ஆங்கிலம் ‘ஷீ பெல்ற் சிலைற்றட்’. இது எப்படி வந்தது? பழைய நோர்ஸ் மொழியிலே இந்தச் சொல்லின் மூதாதைக்கு ‘மட்டமான, வழுவழுப்பான’ என்றுதான் பொருள். அதிலிருந்து ஒல்லியான, சிறிய, பொருட்படுத்தத் தகாத என்று படிப்படியாக இறங்கி, ஈற்றில் ஓர் ஆளையே பொருட்படுத்தாமல் விடுவது வரைக்கும் வந்து நிற்கிறது. ஜெர்மன் மொழியிலே அதே குடும்பத்துச் சொல் ‘கெட்ட’ என்ற பொருளுக்கே போய்விட்டது. செப்பிடு வித்தைக்காரனின் கைவேகத்தைக் குறிக்கும் ‘சிலைற் ஒவ் ஹாண்ட்’ என்பதில் வருவது வேறு சொல். ஒலி ஒன்று, எழுத்திலே நடுவில் ஓர் ஈ கூடுதலாக வரும்.

அடுத்தது பிளிம்சி. செய்த பொருள் சரியாகச் செய்யப்படவில்லை, பாரம் தாங்காது, ஒரு தள்ளுத் தள்ளினால் விழுந்துவிடும் என்பது இதன் அடிப்படை. விழாவுக்கென்று அவசரத்தில் நாலு தடியை நட்டுக் கிடுகு போட்ட கொட்டில், சோளகக் காற்று வீசியதும் சரிந்துபோனால் அது ‘எ பிளிம்சி ஷெட்’. சாமானைப் போட்டதும் அடி கிழியும் பை ‘எ பிளிம்சி பாக்’. நமது நாட்டில் 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்த தடிப்பும் உள்ள பொலித்தீன் 2017ஆம் ஆண்டு தடைசெய்யப்பட்டதை நினைவில் வைத்தால் இந்தச் சொல் மறக்காது.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் பிளிம்சி ஆங்கில எழுத்தில் தலைகாட்டுகிறது. மெல்லிய தோலைக் குறித்த ‘பிலிம்’ என்னும் பழைய சொல்லுக்கு இது உறவு என்று கருதுவோர் உண்டு. தட்டெழுத்து இயந்திரங்கள் இருந்த காலத்தில், காபன் தாளுக்குக் கீழே வைத்துப் பிரதி எடுக்கும் மிக மெல்லிய கடதாசியையே பத்திரிகைக் கந்தோர்களில் ‘பிளிம்சி’ என்று பெயர்ச்சொல்லாக அழைத்தார்கள். விரலின் வியர்வை பட்டாலே கிழியும் அந்தத் தாளைக் கையாண்டவர்களுக்கு இந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை.

பொருட்களிலிருந்து பேச்சுக்கு வரும்போதுதான் பிளிம்சி கூர்மை பெறுகிறது. பாடசாலைக்கு எதிர் வீட்டிலே குடியிருக்கும் பையன் ‘பஸ் பிந்திவிட்டது’ என்று சொன்னால் அது ‘எ பிளிம்சி எக்ஸ்கியூஸ்’. நமது ஊரிலே ‘நொண்டிச் சாட்டு’ என்கிறோமே, அதேதான். ‘எ சிலைற் எக்ஸ்கியூஸ்’ என்று யாரும் சொல்வதில்லை. கவனியுங்கள்: பிளிம்சி என்று சொன்னவுடனே அந்தச் சாட்டைக் கட்டியவர்மீது ஒரு விரல் நீண்டுவிடுகிறது. ‘ஒழுங்காகச் செய்திருக்கலாம், செய்யவில்லை’ அல்லது ‘நம்மை ஏமாற்றப் பார்க்கிறார்’ என்ற தொனி உள்ளே இருக்கிறது. ஆகையால் ஒருவருடைய சாட்சியத்தையோ விளக்கத்தையோ பிளிம்சி என்று எழுதுமுன், அந்த விரலை நீட்ட நமக்கு ஆதாரம் உண்டா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

சிலெண்டரைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒடுங்கியது, ஆனால் அழகாகவோ உறுதியாகவோ இருக்கக்கூடும். கமுகமரம் சிலெண்டர், அதைப் பிளிம்சி என்று சொல்லிப் பாருங்கள், தோட்டக்காரர் கோபிப்பார். குறைந்த வருமானத்தை ‘சிலெண்டர் மீன்ஸ்’ என்றும், ஏழெட்டு வாக்கு வித்தியாசத்தில் வென்றதை ‘எ சிலெண்டர் மெஜோரிற்றி’ என்றும் எழுதுவர். கொஞ்சம்தான், என்றாலும் உள்ளது உண்மையாக உள்ளது.

இனி ரெனியுவஸ். ஒரு பொருளை இன்னொன்றோடு சேர்க்கும் இணைப்பு, பிடி, உரிமை, தொடர்பு ஆகியவை நூலிழைபோல மெலிந்திருக்கும்போது வருவது இந்தச் சொல். சேலை ரெனியுவஸ் ஆகாது, பலகை ஆகாது, காய்ச்சலும் ஆகாது. இரண்டு முனை இருக்க வேண்டும், நடுவிலே ஒரு நூல் இருக்க வேண்டும், அந்த நூல் அறும் நிலையில் இருக்க வேண்டும். ‘எ ரெனியுவஸ் லிங்க்’, ‘எ ரெனியுவஸ் கொனெக்‌ஷன்’, ‘எ ரெனியுவஸ் கிளெய்ம்’, ‘எ ரெனியுவஸ் ஹோல்ட்’ என்பவையே அதிகம் காணும் சேர்க்கைகள். ‘அவருடைய மைத்துனரின் சகலன் எங்கள் அம்மாவின் ஊரில் பெண்ணெடுத்தவர், ஆகவே நாங்கள் சொந்தக்காரர்’ என்று சுற்றிவளைத்து வரும் உறவுக்கு இதைவிடப் பொருத்தமான பெயரடை இல்லை. உறவு பொய்யன்று; ஆனால் எட்டிப் பிடித்தால் கையோடு வந்துவிடும்.

இலத்தீனிலே ‘தெனுயிஸ்’ என்றால் மெல்லிய, நுண்ணிய என்று பொருள். அதிலிருந்து பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. ஆங்கிலத்தின் சொந்தச் சொல்லான ‘தின்’ என்பதும் அதே வேரிலிருந்து முளைத்தது. வேரின் பொருள் நீட்டுதல், இழுத்து விரித்தல். இழுக்க இழுக்க நூல் மெலிகிறதல்லவா? வடமொழியும் இந்தக் குடும்பத்தில் பங்காளி. ‘தனு’ என்றால் மெலிந்தது. ‘தந்து’ என்றால் நூல். வீணையிலே கட்டும் ‘தந்தி’யும் அந்த வழியில் நமக்கு வந்ததே. ஆகவே ரெனியுவஸ் என்னும் சொல் முதன்முதல் காதில் விழும்போது, அது நமக்கு முற்றிலும் அந்நியன் அன்று. தந்தியின் தூரத்துச் சொந்தம். அந்தச் சொந்தமும் கொஞ்சம் ரெனியுவஸ்தான்!

இலத்தீனிலே இந்தச் சொல் இழிவில்லாமலும் வரும். புனித ஜெரோம் செய்த இலத்தீன் திருவிவிலியத்திலே, ஓரேப் மலையில் எலியா கேட்ட மெல்லிய காற்றின் ஒலிக்கு வரும் பெயரடை தெனுயிஸ் என்பதே. பெருங்காற்றும் நிலநடுக்கமும் நெருப்பும் கடந்தபின் வந்த அந்த மென்மையிலே பலவீனம் ஏது? ஆங்கிலத்திலோ ‘அறுந்துவிடுமோ’ என்ற அச்சம் இந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டது.

இதே குடும்பத்தில் நமது வீட்டுக்கு வந்துபோகும் இன்னும் இரண்டு சொற்கள் உண்டு. குழந்தைகளுக்கு ஏற்றும் பீ.சீ.ஜீ., எம்.எம்.ஆர். தடுப்பூசிகளின் விபரத்தாளில் ‘அற்றெனியுவேற்றட்’ என்று போட்டிருக்கும். கிருமி உயிரோடு இருக்கிறது, ஆனால் அதன் வீரியம் மெலிவிக்கப்பட்டிருக்கிறது என்பது கருத்து. நீதிமன்றத்தில் ‘எக்ஸ்ரெனியுவேற்றிங் சேர்க்கம்ஸ்ரான்சஸ்’ என்று வழக்கறிஞர் எடுத்துச் சொன்னால், குற்றம் நடக்கவில்லை என்று அவர் வாதாடவில்லை. குற்றத்தின் கனத்தை மெலியச் செய்யும் சூழ்நிலைகளைக் காட்டுகிறார். இந்த வேறுபாடு தெரியாதவர், தமது வழக்கு வென்றுவிட்டதென்று வீட்டுக்குச் செய்தி அனுப்பிவிடக்கூடும்.

ஒரு எச்சரிக்கை. ‘ரெனேஷஸ்’ என்று இன்னொரு சொல் உண்டு. பிடித்த பிடியை விடாத என்பது அதன் பொருள். ‘எ ரெனேஷஸ் கிறிப்’ என்றால் உடும்புப் பிடி. ‘எ ரெனியுவஸ் கிறிப்’ என்றால் வழுக்கும் பிடி. காதுக்கு அண்மையில் நிற்பவை கருத்துக்கு எதிரெதிராக நிற்கின்றன. பரீட்சை வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கு இப்படியான சோடிகள் என்றால் கொள்ளை ஆசை.

இப்போது மூன்று சொற்களையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்ப்போம். வெளிநாட்டிலுள்ள ஒன்றுவிட்ட சகோதரனிடம் போவதற்கு ஒருவர் விண்ணப்பித்தார் என்றும், அவருக்கு மறுமொழியாக ஓர் ஆங்கிலக் கடிதம் வந்தது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் ‘த லிங்க் பிற்வீன் யூ அண்ட் யுவர் ஸ்பொன்சர் இஸ் ரெனியுவஸ்’ என்று ஒரு வசனம். விண்ணப்பித்தவர் ஆங்கிலம் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோகிறார். அவர் படித்துவிட்டு, ‘நீர் பொய் சொல்லுகிறீர் என்று எழுதியிருக்கிறான்’ என்கிறார். உடனே வருவது கோபம். ‘என் சொந்தப் பெரியம்மாவின் மகனை இல்லையென்கிறீர்களா?’ என்று சூடாக ஒரு பதில் எழுதப்படுகிறது. அல்லது, இனி ஆகாதென்று கடிதம் பெட்டியிலே போடப்படுகிறது. இரண்டும் வீண்.

அந்த வசனம் அவரைப் பொய்யர் என்று சொல்லவில்லை. ‘நீங்கள் காட்டிய தாள்களைக் கொண்டு பார்த்தால், இருவருக்கும் இடையிலுள்ள நூல் மிக மெலிந்ததாகத் தெரிகிறது’ என்கிறது. மெலிந்த நூலுக்கு மருந்து, இன்னும் சில நூல்களைச் சேர்த்து முறுக்குவது. இரு தாய்மாரின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், பழைய கடிதங்கள், குடும்ப நிகழ்வுகளில் எடுத்த படங்கள், பணம் அனுப்பிய பற்றுச்சீட்டுகள் முதலியவை உண்மையாக உள்ளனவாயின் அவற்றைச் சேர்த்துக் கொடுக்கலாம். மறுமொழிக்குக் கெடுத் திகதி உண்டா என்பதை முதலிலே பார்க்க வேண்டும்; கோபத்தில் இருப்பவர் கண்ணுக்கு அது தெரிவதில்லை.

அதே இடத்தில் ‘த எவிடன்ஸ் இஸ் பிளிம்சி’ என்று இருந்தால் கதை வேறு. கொடுத்த சான்றுகளின் தரமே போதாது, அல்லது அவை நம்பத்தக்கவையல்ல என்று அது சொல்கிறது. அப்போது அதே மாதிரித் தாள்களை இன்னும் பத்துச் சேர்த்துப் பயனில்லை; அத்தாட்சி பெற்ற நல்ல பிரதிகள் வேண்டும். ‘தேர் இஸ் எ சிலைற் டிஸ்கிறெப்பன்சி’ என்று இருந்தாலோ பதறத் தேவையில்லை. பெயரின் எழுத்துக்கூட்டு பிறப்புப் பத்திரத்தில் ஒருவிதமாகவும் அடையாள அட்டையில் இன்னொருவிதமாகவும் இருப்பது நமது பக்கத்தில் புதினமன்று. பெரும்பாலும் ஒரு சத்தியக் கடதாசியோடு தீரக்கூடிய சங்கதி. ஒரே ‘மெல்லிய’ என்ற தமிழ்ச் சொல்லால் மூன்றையும் மொழிபெயர்த்துக் கொடுப்பவர், கேட்டு வந்தவருக்கு உதவி செய்யவில்லை. கடிதம் வாசித்துக் காட்டும் பொறுப்பு உள்ளவர்கள் (ஆசிரியர், கிராம அலுவலர், நம் போன்ற குருக்கள்) இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

நாட்டு நடப்பைப் பற்றி எழுதும்போதும் இந்த வேறுபாடு பயன்படும். யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பெருநிலப்பரப்போடு சேர்க்கும் ஒடுங்கிய நிலத்தை ‘எ சிலெண்டர் ஸ்ரிப் ஒவ் லாண்ட்’ எனலாம். அது கண்ணால் காணும் ஒடுக்கம். 2006 ஆகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டபின், கப்பலில் வரும் அரிசியையும் மாவையும் பார்த்திருந்த காலத்தில், வெளியுலகோடு இருந்த தொடர்பு ‘ரெனியுவஸ்’. அது காலநிலையாலும் போராலும் எந்த நாளிலும் அறக்கூடிய இணைப்பு. 2002 பெப்ரவரி 22இல் கைச்சாத்தாகி 2008 சனவரியில் முறைப்படி முடிவுக்கு வந்த போர்நிறுத்த உடன்படிக்கையின் கடைசி ஆண்டுகளை ‘எ ரெனியுவஸ் பீஸ்’ என்று எழுதினால், அமைதி நூலில் தொங்கியது என்று ஆகும்; யார் அறுத்தார் என்ற தீர்ப்பு அந்தச் சொல்லுக்குள் இல்லை. ‘எ பிளிம்சி அக்றீமென்ற்’ என்று எழுதினாலோ, உடன்படிக்கையை ஆக்கியவர்கள் ஒழுங்காக ஆக்கவில்லை என்று தீர்ப்பும் சேர்ந்துவிடும். அப்படிக் கருதுபவர் அப்படியே எழுதட்டும். கருதாதவர் தெரியாமல் எழுதிவிடக் கூடாது.

ஆட்களைப் பற்றிச் சொல்வதில் சிறிது நிதானம் தேவை. ‘ஷீ இஸ் சிலெண்டர்’ என்பதும் ‘ஸ்லிம்’ என்பதும் புகழ்ச்சி. ‘ஒவ் சிலைற் பில்ட்’ என்றால் சிறிய உடல்வாகு, புகழ்ச்சியுமில்லை, இகழ்ச்சியுமில்லை. ‘தின்’ சந்தர்ப்பத்தைப் பொறுத்தது. நோய்வாய்ப்பட்டவரோ என்ற ஐயத்தைக் கிளப்பும். கலியாணப் பேச்சுக்கு ஆங்கிலத்தில் விபரம் எழுதுபவர்கள் ‘தின்’ என்று போட்டுவிட்டுப் பதில் வரவில்லையே என்று காத்திருக்கக் கூடாது. பிளிம்சி, ரெனியுவஸ் இரண்டையும் ஆளின் உடம்புக்குச் சொல்வதில்லை. ஆனால் ஆளின் அறிவுக்குச் சொல்வர். ‘ஹிஸ் கிறாஸ்ப் ஒவ் இங்கிலிஷ் இஸ் ரெனியுவஸ்’ என்று ஒருவருடைய நற்சான்றுப் பத்திரத்தில் எழுதினால் அவருக்கு அந்த வேலை கிடையாது என்று முடிவுகட்டலாம். சுமாராகத் தெரியும், இனிமேல் படித்துக்கொள்வார் என்பதே எழுதுபவரின் எண்ணமானால், ‘ஹீ ஹாஸ் சம் இங்கிலிஷ் அண்ட் இஸ் இம்புறூவிங்’ என்று எளிமையாக எழுதுவதே நியாயம்.

இலக்கணத்தில் சிறிது. சிலைற், பிளிம்சி இரண்டும் ஒப்பீட்டில் தாமே ஈறு மாறும்: சிலைற்றர், சிலைற்றெஸ்ற், பிளிம்சியர், பிளிம்சியெஸ்ற். ரெனியுவஸ் மாறாது, முன்னே ‘மோர்’, ‘மோஸ்ற்’ போட வேண்டும்.

பயிற்சிக்காக ஐந்து வசனங்களைத் தமிழிலே தருகிறோம். கொப்பியில் ஆங்கிலத்தில் எழுதி, நான்கு சொற்களில் பொருத்தமானதைப் போட்டுப் பாருங்கள். இரண்டு கையெழுத்துக்கும் இடையில் — வித்தியாசம் உண்டு. கதிரை — ஆக இருந்தபடியால் கால் முறிந்தது. கூட்டுறவுச் சங்கத் தெரிவில் அவர் — பெரும்பான்மையால் வென்றார். அந்தக் காணிக்கு அவர் காட்டும் உரிமை —. பாட்டனாருக்கு யாரோ வாய்ப்பேச்சில் கொடுத்ததாம். அவருக்கு எதிரான வழக்கு —.

முதல் நான்குக்கும் விடை முறையே சிலைற், பிளிம்சி, சிலெண்டர், ரெனியுவஸ். ஐந்தாவதற்கு ஒரே விடை இல்லை. சாட்சிகள் குறைவு, உள்ளவை நல்லவை என்றால் சிலெண்டர். சாட்சிகள் சோடித்தவையாகவோ அவசரத்தில் பொறுக்கியவையாகவோ தோன்றினால் பிளிம்சி. நடந்தது உண்மை, சாட்சிகளும் உண்மை, ஆனால் அந்தச் சம்பவத்தோடு இந்த மனிதரைச் சேர்க்கும் கண்ணிதான் சரியாக விழவில்லை என்றால் ரெனியுவஸ். எதைப் போடுவதென்று தெரிந்துகொள்ள, வழக்கை முழுவதும் வாசித்திருக்க வேண்டும்.